கடலோர ஊரில் அடுக்குமாடிச் சங்கத்தின் பணத்தை நடத்துவது எப்படி?

கேள்வி இது: கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. பாதி வீடுகள் 900 சதுர அடி, பாதி 1,200. பெரிய வீடு, சின்ன வீடு வித்தியாசம் இல்லாமல் மாதம் 2,000 ரூபாய் வாங்குகிறார்கள். பில்டர் ஒப்படைத்த கார்பஸ் பணம், அதாவது கட்டடத்தின் பெரிய வேலைகளுக்கான பொது நிதி, 7 லட்சம் இருந்தது, இப்போது 4 லட்சம். மொட்டை மாடி ஒழுகுகிறது, வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், ஐந்து வீட்டார் பாக்கி வைத்திருக்கிறார்கள். தொகையை ஏற்றலாம் என்றால் கூட்டத்தில் சண்டை வருகிறது. புதிதாகச் செயலாளர் ஆன நான் எங்கிருந்து தொடங்குவது?

கூட்டுறவுத் தணிக்கையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடலூரில் சில குடியிருப்புச் சங்கங்களின் கணக்கைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த 7 லட்சம் எப்படி 4 லட்சம் ஆனது என்று பாருங்கள். பாஸ்புக்கையும் வவுச்சர் கட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எந்தத் தேதியில் டெபாசிட்டை உடைத்தார்கள், அடுத்த பத்து நாளில் கணக்கிலிருந்து எதற்கெல்லாம் பணம் போனது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். பெரிய வேலை எதற்கும் போயிருக்காது என்பது என் கணிப்பு. வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில், லிஃப்ட் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று மாதாமாதம் விழுந்த துண்டை அடைக்கத்தான் போயிருக்கும். யாரும் திருடவில்லை. வசூல் போதவில்லை, இருந்த பணத்தை எடுத்துச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பணம் கட்டடத்துக்கு வைத்த பணம். மாதச் செலவுக்கு ஒரு பணம், கட்டடத்துக்கு ஒரு பணம் என்று இரண்டையும் தனித்தனி வங்கிக் கணக்கில் பிரித்து வைக்கும்வரை, நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் ஐந்து வருடத்தில் இதே கேள்வியை அடுத்த செயலாளர் கேட்பார்.

மாதச் செலவை எழுதுவது சுலபம். போன 12 மாத வங்கி அறிக்கையை வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். உங்கள் அளவுள்ள கட்டடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன், உங்கள் எண்களை அதில் மாற்றிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் இரண்டு பேருக்கு, தீபாவளி போனஸையும் மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்து, 24,000. கூட்டிப் பெருக்குபவருக்கு 8,000. பொது மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 18,000 என்றால் மாதம் 9,000. லிஃப்ட் ஏஎம்சி வருடம் 60,000, அதாவது மாதம் 5,000. ஜெனரேட்டர் டீசலும் சர்வீஸும் 3,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன் சில்லறை வேலைகள் 5,000. செப்டிக் டேங்க் லாரி, சம்பும் மேல் தொட்டியும் கழுவுவது 3,000. காப்பீடு 2,000. தணிக்கை, வங்கி, பேப்பர் செலவு 1,000. கூட்டினால் 60,000. நீங்கள் வாங்குவது 48,000. மாதம் 12,000 துண்டு விழுகிறது, வருடத்துக்கு 1,44,000. இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 3 லட்சம் கரைவதற்கு இது போதும்.

லிஃப்ட் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உதிரி பாகமும் சேர்ந்த ஒப்பந்தமா, ஆள் வந்து எண்ணெய் போட்டு, பார்த்துவிட்டுப் போகிற ஒப்பந்தம் மட்டுமா என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவது வகை வருடச் செலவில் மலிவாகத் தெரியும். ஒரு போர்டு போனால் அந்த மாதமே பட்ஜெட் கவிழ்ந்துவிடும். உதிரி சேர்ந்தது என்று சொல்லும் ஒப்பந்தத்திலும் எதெல்லாம் சேராது என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். வெள்ளம், மின்னழுத்த ஏற்ற இறக்கம் இரண்டும் பெரும்பாலும் அதில் இருக்கும். நம் ஊரில் இரண்டுமே வரும்.

மின்சாரத்துக்கும் ஒரு விஷயம். பொதுப் பயன்பாட்டு மின் இணைப்புக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி விகிதம் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரிலிருந்து, பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அதில் வராது. அதற்குப் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது, அதனால் கடைசி பில்லை வைத்தே கணக்குப் போடுங்கள். புதுச்சேரியில் இருக்கும் தம்பி வீட்டில் மெயின்டனன்ஸ் குறைவு என்று கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அங்கே மின்கட்டணமும் வேறு, பில் வருவதும் மாதாமாதம். அந்த ஒப்பீட்டில் நேரத்தை விடாதீர்கள்.

இனி கட்டடத்துக்கான பணம். கூட்டுறவில் சேமநிதி என்போம், உங்கள் குடியிருப்பில் கார்பஸ் என்பீர்கள். இதில்தான் கடலூர்க்காரர்கள் கோயம்புத்தூர்க்காரர்களைவிட அதிகம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கட்டடத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை எத்தனை தூரம்? அங்கிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. அது சுவரின் மயிரிழை விரிசல் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி முன்பிருந்ததைவிடப் பருத்துவிடும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும், விரிசல் பெரிதாகும், இன்னும் உப்பு போகும். நாளைக் காலையில் கீழ்த்தள கார் நிறுத்துமிடத்துக்குப் போய் உத்தரங்களின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி போகும் வாக்கில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அங்கே ஒரு கழியால் தட்டுங்கள். திடமாகக் கேட்டால் நல்லது. உள்ளே காலியாக இருப்பதுபோல் டொக்கென்று கேட்டால் பூச்சு விட்டுவிட்டது, துரு வேலையைத் தொடங்கிவிட்டது. இன்று அந்த இடத்தைக் கொத்தி, கம்பியைச் சுரண்டித் துரு எடுத்து, பாலிமர் கலந்த கலவை பூசினால் ஆயிரங்களில் முடியும். பத்து வருடம் விட்டால் லட்சங்களில் போகும். இதனால்தான் இந்த ஊரில் வெளிப்பூச்சும் பெயிண்டும் அழகுக்கான செலவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கட்டடத்தில் தேய்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: இன்று மாற்றினால் என்ன விலை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வருடத்துக்கு எவ்வளவு விழுகிறது. மாதிரிக்கு: வெளிச்சுவர் பெயிண்ட், ஒட்டு வேலையோடு சேர்த்து 9 லட்சம், ஆறு வருடம், ஆகவே வருடம் 1,50,000. லிஃப்ட் முழுதாக மாற்ற 16 லட்சம், 20 வருடம், வருடம் 80,000. மொட்டை மாடி நீர்க்காப்பு 4 லட்சம், எட்டு வருடம், வருடம் 50,000. ஜெனரேட்டர் 4,50,000, 15 வருடம், வருடம் 30,000. மோட்டார்களும் போர்வெல் வேலையும் 1,50,000, ஐந்து வருடம், வருடம் 30,000. உப்புத் தண்ணீர் ஏறும் போர் என்றால் ஐந்து வருடத்தையும் குறைத்து எழுதுங்கள். மேலிருந்து கீழ் வரும் குழாய்கள் 5 லட்சம், 25 வருடம், வருடம் 20,000. மொத்தம் வருடம் 3,60,000, மாதம் 30,000. விலைவாசி ஏறும்தான். டெபாசிட் வட்டியை எடுக்காமல் அதிலேயே விட்டு, இந்தப் பட்டியலை வருடம் ஒருமுறை புதிய விலையில் திருத்தினால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

ஆக 60,000 மாதச் செலவுக்கு, 30,000 கட்டடத்துக்கு. மொத்தம் 90,000. உங்கள் 24 வீட்டின் பரப்பு 25,200 சதுர அடி, சதுர அடிக்கு 3 ரூபாய் 57 காசு வருகிறது. 900 சதுர அடிக்காரருக்கு 3,214, 1,200 சதுர அடிக்காரருக்கு 4,286.

சதுர அடிக்கா, வீட்டுக்கா என்பதில் எப்போதும் தகராறு. முதலில் பைலாவையும் (சங்கத்தின் விதிமுறைகள்) வீட்டுப் பத்திரத்தையும் பாருங்கள், அதில் எழுதியிருப்பதுதான் செல்லும். பல பத்திரங்களில் நிலத்தில் அந்த வீட்டுக்குள்ள பிரிபடாத பங்கு, அதாவது யுடிஎஸ், எந்த விகிதமோ அதே விகிதத்தில் பொதுச் செலவும் என்று இருக்கும். பைலா மௌனமாக இருந்தால் என் யோசனை, கட்டடத்துக்கான பணத்தைச் சதுர அடிக்கும், மாதச் செலவை வீட்டுக்குச் சமமாகவும் பிரிக்கலாம். வாட்ச்மேன் பெரிய வீட்டுக்கு இரண்டு மடங்கு காவல் காப்பதில்லை. ஆனால் கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு சொத்தோ அந்த அளவுக்கு அதைக் காப்பாற்றும் பொறுப்பும் உண்டு. அப்படிப் பிரித்தால் சின்ன வீட்டுக்கு 2,500 கூட்டல் 1,071, பெரிய வீட்டுக்கு 2,500 கூட்டல் 1,429. இரண்டு முறையையும் கூட்டத்தில் எழுதிக் காட்டி, ஓட்டுக்கு விடுங்கள். எது ஜெயித்தாலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். பைலாவில் மாற்றம் தேவைப்பட்டால் அதற்கான பெரும்பான்மை வேறு, அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உடனடிப் பிரச்சினை. மாடியும் ஒழுகுகிறது, பெயிண்டும் அடிக்கணும், கையில் 4 லட்சம்தான். மாடியை முதலில் எடுங்கள். பெயிண்ட் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், மாடி ஒழுகல் மேல்மாடி நான்கு வீட்டுக்காரர்களின் பிரச்சினையாகத்தான் அவர்களுக்குப் படும். ஆனால் தண்ணீர் இறங்குவது தளத்தின் கம்பிக்கு, அந்தத் தளம் எல்லோருக்கும் பொது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில் அந்த வேலையை முடித்துவிடுங்கள். 4 லட்சம் அதற்குப் போகட்டும், அந்தப் பணம் இருப்பதே அப்படிப்பட்ட வேலைக்குத்தான். புதிய தொகையை அதே சமயம் தொடங்கினால் இரண்டு வருடத்தில் கட்டடக் கணக்கில் 7,20,000 சேர்ந்துவிடும். பெயிண்டுக்கு 9 லட்சம் வேண்டும், குறைவது 1,80,000. சின்ன வீட்டுக்கு 6,429, பெரிய வீட்டுக்கு 8,571 சிறப்பு வசூல். இதுவே எதையும் சேர்க்காமல் இருந்து, 9 லட்சத்தையும் ஒரே நாளில் வசூலிப்பதாக இருந்தால் சின்ன வீட்டுக்கு 32,143, பெரிய வீட்டுக்கு 42,857. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பென்ஷனில் இருப்பவர்கள் அதைப் பார்த்த பிறகு மாதத் தொகையை எதிர்க்க மாட்டார்கள், அவர்களுக்குத்தான் ஒரேயடியாக வரும் வசூல் கஷ்டம்.

ஒரேயடியாக 2,000-லிருந்து ஏற்ற முடியாவிட்டால் இரண்டு கட்டமாக ஏற்றுங்கள். சரி, முதல் ஆறு மாதம் துண்டு விழுவதை நிறுத்தும் அளவுக்கு 2,500, அப்புறம் கட்டடப் பங்கு. ஆனால் இரண்டாவது கட்டத்தின் தேதியையும் தொகையையும் இப்போதே அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட எந்தச் சங்கமும் பிறகு பார்த்ததாக நான் கண்டதில்லை. கட்டடப் பங்கு ஆறு மாதம் தள்ளினால் பெயிண்டும் ஆறு மாதம் தள்ளும் என்று அதிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயிண்ட் காண்ட்ராக்டரிடம் விலை கேட்கும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். 18 சதவீதம் தனி என்றால் 9 லட்சத்துக்கு 1,62,000 கூடும், உங்கள் மொத்தக் கணக்கும் மாறிவிடும். எத்தனை கோட், எந்த வகைப் பெயிண்ட், ஒட்டு வேலை சதுர அடிக்கு என்ன விலை, சாரம் யார் பொறுப்பு, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பத்து சதவீதமாவது ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு தருவதாக நிறுத்தி வையுங்கள்.

பாக்கிக்கு வருவோம். ஐந்து வீட்டாரும் ஒரே ரகமாக இருக்க மாட்டார்கள். ஒருவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பார், அவரைக் கூட்டத்தில் பேர் சொல்லாமல் தனியாகப் பார்த்துத் தவணை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், வீடு பூட்டிக்கிடக்கிறது, நான் ஏன் கட்டணும் என்பார். பூட்டிய வீட்டுக்கும் மேல் தளம் உண்டு, தூண் உண்டு, விற்கும்போது லிஃப்ட் ஓடுகிற கட்டடம் என்றுதான் விலை பேசப் போகிறார் என்று பணிவாக எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர் கட்டவில்லை என்று கைகாட்டுபவர் ஒருவர் இருப்பார். சங்கத்துக்கு உறுப்பினர் உரிமையாளர்தான், பொறுப்பும் அவருடையதுதான். இன்னொருவர் பழைய நிர்வாகத்தோடு மனக்கசப்பில் நிறுத்தியவர். அவர் கேட்கும் கணக்கைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் கட்டிவிடுவார். உண்மையில் பாக்கிகளில் நிறைய இந்த ரகம்தான்.

எவ்வளவு கோபம் வந்தாலும் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்காதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் அது உங்கள் பக்கத்தைத்தான் பலவீனப்படுத்தும். அதைவிட உபயோகமான ஒரு வேலை இருக்கிறது. பண பாக்கிக்கு வழக்குப் போட, காலவரையறைச் சட்டப்படி மூன்று வருடம்தான். அதனால் ஒவ்வொரு மார்ச் 31-ம் தேதிக்கும் எல்லா வீட்டுக்கும், பாக்கி இல்லாதவர்களுக்கும் சேர்த்து, 'இந்தத் தேதியில் தாங்கள் சங்கத்துக்குத் தர வேண்டியது இவ்வளவு, இதை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று வருடம் முடிவதற்குள் வாங்கிய அந்தக் கையெழுத்திலிருந்து கெடு புதிதாக எண்ணப்படும். எல்லோருக்கும் கொடுப்பதால் யாரும் தன்னை மட்டும் குறிவைத்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாமத வட்டி பைலாவில் இருந்தால் மட்டும் போடுங்கள், போட்டால் தலைவர் வீட்டுக்கும் சேர்த்துப் போடுங்கள். அப்படியும் கட்டாதவருக்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு லோக் அதாலத். பெரும்பாலானவை நோட்டீஸிலேயே முடியும்.

தினசரிக் கணக்கில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் உடனே நிறுத்துங்கள்: பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு மெயின்டனன்ஸ் வாங்குவது. அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருடைய மளிகைக் காசும் சங்கக் காசும் ஒரே அறிக்கையில் கலந்து வரும்போது அவராலேயே பிரிக்க முடியாது, நாளைக்கு வருமான வரியில் கேள்வி வந்தால் மாட்டுவதும் அவர்தான். சங்கத்தின் பேரில் பான் எண், சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, அதற்கு ஒரு க்யூஆர் கோடு, கீழ்த்தளத்தில் ஒட்டிவிடுங்கள். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. கையில் ரொக்கம் 3,000-க்கு மேல் வேண்டாம். டீசல் வாங்கினால் பங்க் ரசீது, அதன் பின்புறம் ஜெனரேட்டர் ஓடிய மணி மீட்டர் எண். பிளம்பர் பில் தரமாட்டார், ஒரு வவுச்சரில் என்ன வேலை, எந்த வீட்டு வரிசைக் குழாய், எவ்வளவு என்று எழுதி அவர் கையெழுத்து வாங்குங்கள். மாதம் 5-ம் தேதிக்குள் ஒரு பக்கத்தில் வரவு, செலவு, இரண்டு வங்கிக் கணக்கின் இருப்பு, டெபாசிட் முதிர்வுத் தேதி ஆகியவற்றைப் போர்டில் போடுங்கள். வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம், ஆனால் அங்கே மேலே போய்விடும், போர்டில் இருப்பது மாதம் முழுக்க நிற்கும்.

கட்டடப் பணத்தை எங்கே வைப்பது? ஒரு வங்கியில் ஒரு டெபாசிட்தாரருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதைத் தாண்டினால் இரண்டாவது வங்கியில் வையுங்கள். பெயிண்டுக்கு இரண்டு வருடத்தில் முதிர்வது, மோட்டாருக்கு ஒரு வருடத்தில் முதிர்வது என்று வேலைக்குத் தகுந்தபடி துண்டு துண்டாகப் போட்டால், ஒரு மோட்டாருக்காகப் பெரிய டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை. அரை சதவீதம் வட்டி கூட என்று தனியார் சிட் பண்டிலோ தெரிந்தவர் கம்பெனியிலோ போடச் சொல்லி யாராவது வந்தால், தீர்மானத்துக்கே வைக்காதீர்கள்.

வரிகளைப் பற்றிச் சுருக்கமாக. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுச் செலவழிக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் வங்கி தரும் வட்டி அப்படியில்லை, 2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கிளப் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வட்டியைக் கணக்கில் காட்டி ரிட்டர்ன் போடுங்கள், வங்கி முன்கூட்டியே பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், திரும்ப வேண்டுமென்றாலும் அதுதான் வழி. ஜிஎஸ்டி, வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேலும் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேலும் போனால்தான். உங்கள் புதிய தொகையில் ஆண்டுக்கு 10,80,000 வரும், அந்தப் பேச்சே இல்லை. பெரிய வீட்டுக்காரர் யாராவது பயமுறுத்தினால் இந்த எண்களைச் சொல்லுங்கள். காண்ட்ராக்டருக்கு ஒரு தடவையில் 30,000 அல்லது வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், தனி ஆளுக்கு 1 சதவீதம், கம்பெனிக்கு 2 சதவீதம். அதற்கு டான் எண், அதாவது வரி பிடிப்பவருக்கான பதிவு எண், வேண்டும். பெயிண்ட் வேலையில் இதை மறந்துவிட்டு வட்டியும் ஒரு நாளைக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் கட்டும் சங்கங்கள் உண்டு. அந்த மாதம் மட்டுமாவது ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை நிறுத்திச் செலவைக் குறைக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. 2015-ல் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி ஊரின் ஓரம் முழுக்க நின்றது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறினால் மோட்டார், ஜெனரேட்டர், மீட்டர் போர்டு, லிஃப்ட் குழி நான்கும் ஒரே இரவில் போகும். பாலிசியில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா, இந்த நான்கும் பேர் சொல்லிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டுத் தொகை நிலத்தின் விலையைச் சேர்க்காமல், கட்டடத்தைத் திரும்பக் கட்டினால் ஆகும் செலவாக இருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துப் போட்டால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுகிற பாலிசிகள் இருக்கின்றன. அப்புறம், எல்லாப் பொருளையும் இப்போதே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். அதோடு ஜெனரேட்டரையும் மீட்டர் போர்டையும் அடுத்த மாற்றத்தின்போது மூன்றடி மேடையில் ஏற்றிவிடுங்கள், அது எந்த பாலிசியைவிடவும் மலிவு.

கூடுதல் வருமானம் என்று செல்போன் டவர் யோசனை வரும். அந்த வாடகை வெளியாரிடமிருந்து வரும் வருமானம், அதற்கு வரி உண்டு. ஏற்கெனவே ஒழுகும் தளத்தின்மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சூரிய மின்சாரம் யோசிக்கத் தகுந்தது. குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். பகலில் ஓடும் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் சரியாக வரும். ஆனால் மாடி நீர்க்காப்பு முடிந்த பிறகுதான். பேனல் கால்களுக்காகப் புதிய தளத்தில் ஓட்டை போடவிடாமல், அதற்கான மேடைகளை நீர்க்காப்பு வேலையோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். தாங்கிகள் துருப்பிடிக்காத வகையாகவும் புயல் காற்றுக்குத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும்.

சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலானவை 1975-ம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் இருக்கும். அப்படியென்றால் வருடாந்திரப் பொதுக்குழு, வரவு செலவு, நிர்வாகிகள் மாற்றம் மூன்றையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். விட்டுப்போன வருடங்கள் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பாக்கிக்கு வழக்குப் போடும்போது எதிர்த் தரப்பு முதலில் பிடிக்கும் ஓட்டை அதுதான். கூட்டுறவுச் சங்கமாகவே பதிவாகியிருந்தால் 1983-ம் வருடத்துக் கூட்டுறவுச் சட்டம், தணிக்கையும் அதன்படி. 2022-ல் வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பைலா திருத்துவதாக இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைக் கொண்டு ஒரே தடவையாகச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, பொறுப்பு ஏற்றதும் பழைய நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டியவை: பாஸ்புக், செக் புக், டெபாசிட் ரசீதுகள், தீர்மானப் புத்தகம், பதிவுச் சான்றிதழ், பைலா, பான் மற்றும் டான் விவரங்கள், வருமான வரித் தளத்தின் கடவுச்சொல், மின் இணைப்பு எண்கள், லிஃப்ட் உரிமம், பாலிசி, பில்டர் கொடுத்த கட்டட வரைபடங்கள், குழாய் போகும் வழியின் படம். வரைபடம் இல்லையென்றால் பில்டரிடம் இப்போதே கேளுங்கள், ஒரு குழாய் உடையும் நாளில் சுவரை எங்கே இடிப்பது என்று அது இல்லாமல் தெரியாது. வங்கியில் பதிவான செல்போன் எண் யாருடையது என்றும் பாருங்கள். இரண்டு வருடம் முன்பே பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்ட பழைய செயலாளரின் எண்ணுக்கே ஓடிபி இன்னும் போய்க்கொண்டிருக்கும். சங்கத்தின் பேரில் ஒரு சிம் வாங்கி வங்கி, வருமான வரி, மின்வாரியம் மூன்றிலும் அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள். நிர்வாகம் மாறும்போது அந்தச் சிம்மையும் பாஸ்புக்கோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கலாம்.